சீட்டுக்குப் பின்னால் இரண்டு குண்டன்கள்

"நான் மட்டும் இந்த வண்டியில பாட்டு போட்டேன்னு வை, உங்க அண்ணன் காதுல இத்தனை வருஷமா குடியிருக்கே ஒரு செவிடு, அது மூட்டை முடிச்சக் கட்டிக்கிட்டு, சொல்லாம கொள்ளாம வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடிடும்" என்றன இரண்டு கால்கள்.

கால்களுக்கு மேலே இருக்க வேண்டிய சீட்டுக்காரர் பழைய பிக்கப் வண்டியின் கேபினுக்குள் தலைகீழாகக் கிடந்தார். வாயில் ஸ்குரூ டிரைவர். வாயில் ஸ்குரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு இவ்வளவு நீளமாகப் புளுகக்கூடிய மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

"மொதல்ல நீங்க வண்டியக் காலி பண்ணுங்க. காப்பி ஆறி, ஏடு கட்டி, இப்ப அதுல ஒரு எறும்பு நீச்சல் பழகுது" என்றாள் அவர் மனைவி.

"எறும்பையே குடிச்சுக்கச் சொல்லு. எனக்கு இன்னும் ஒரு குண்டன் பாக்கி."

சீட்டுக்காரர் என்றால் சீட்டாடுபவர் அல்ல. வண்டிகளுக்கு சீட் தைப்பவர். புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரை நம்பி, சாயங்காலம் நாலு கை ஆடிவிட்டுப் போகலாம் என்று வந்து, ரெக்சின் துண்டு வாங்கிக்கொண்டு போனதுண்டு. அவர் வெட்டுவார், மனைவி தைப்பாள். அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்ததும் அவர்தான். பாதி தையலுக்காக, மீதி நாக்குக்காக.

அந்த வண்டி உருண்டை முகமும் தவளைக் கண்ணுமாக இருக்கும். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அதை முதன்முதலில் மாட்டிப் பார்த்தது இந்த வண்டியில்தான் என்பது சீட்டுக்காரரின் கட்சி. கதவை அடித்துச் சாத்தினால் பக்கத்து வீட்டு அலமாரி திறந்துகொள்ளும். உள்ளே ஒரே நீள சீட். சிநேகிதர்கள் என்றால் மூன்று பேர் உட்காரலாம், சண்டைக்காரர்கள் என்றால் இரண்டு பேர். சீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் பெட்ரோல் டாங்க் இருந்தது. அதைக் கழற்றி வண்டிக்கு அடியில் மாட்டிய பிறகு அங்கே கொஞ்சம் இடம் கிடைத்தது. கொஞ்சம் என்றால் மேலே நாலு விரல், கீழே ஒரு சாண். அந்தச் சந்துக்குள்தான், அடிச்சத்தத்தை உடம்பில் அதிரவைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டை நுழைக்கப்போவதாக அவர் அறிவித்தார்.

கடைக்காரர்கள் சிரித்தார்கள். இதற்கென்று விற்கிற பெட்டிகளெல்லாம் பெரிய கார்களின் டிக்கிக்கு அளவெடுத்தவை. சீட்டுக்காரர் விட்டால்தானே? பழைய ஃபிரிட்ஜ் அட்டையை வெட்டி அந்தச் சந்துக்கே சட்டை தைப்பது மாதிரி அளவெடுத்தார். அந்த அளவுக்குப் பிளைவுட்டில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெட்டி செய்தார். காற்று ஒழுகாமல் மூலை மூலையாகப் பசை வைத்தார். தட்டையான ஸ்பீக்கராக இரண்டு தேடிப் பிடித்து, அவற்றுக்குக் 'குண்டன்கள்' என்று பெயரும் வைத்தார். "ஆள் ஒல்லிதான். குரல் குண்டு" என்றார். ஸ்பீக்கர் முன்னால் வந்து போக வழி வேண்டுமென்று, தானே தைத்த சீட்டின் முதுகைத் தானே பிளந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கையும் ஃபோமையும் அந்த இரண்டு இடத்தில் மட்டும் வட்டமாகக் குடைந்து எடுத்தார். வீட்டில் மூன்று வேளையும் பெட்டிப் பேச்சுத்தான். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார்.

இத்தனையும் மச்சானுக்காக.

ஊசியின் அண்ணன் எடை அளவு சோதிக்கும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைத் தட்டிப் பார்த்து முத்திரை குத்தும் உத்தியோகம். அதனால் ஊரெல்லாம் அவருக்குத் தராசு என்றே பெயர். உத்தியோகம் போனாலும் புத்தி போகவில்லை. யார் எதைச் சொன்னாலும் அதில் கொஞ்சம் எடை குறையும் என்று நினைப்பவர். சீட்டுக்காரர் சொன்னால் முக்கால்வாசி குறையும். அவருக்குக் காது போய்ச் சில வருஷமாகிறது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "எல்லாரும் தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்று அதை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். ஆனால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று மட்டும் தெரியாது. அவர் ரகசியம் சொன்னால் மூன்று வீட்டு ஜன்னல் திறக்கும்.

காது இருந்த காலத்தில் அவரும் சீட்டுக்காரரும் இந்த வண்டியில்தான் சுற்றுவார்கள். ரேடியோவில் பாட்டு ஓடும். பாடுபவர் சுருதி தப்பினாரா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டே எங்கேயோ போய்விட்டு, போன காரியத்தை மறந்து திரும்புவார்கள். காது போனதும் தராசு வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வருவார், நாற்காலியில் உட்காருவார், போவார். சீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

"காது போனா என்ன, முதுகு இருக்குல்ல? இன்னிக்கு வரைக்கும் எவனாவது முதுகு செவிடுன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?" என்று ஊசியிடம் கேட்டார். வாழ்நாள் முழுக்க மனிதர்களின் முதுகை நம்பியே பிழைத்தவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று காலை ஊசி கறுப்பு நூல் வாங்கக் கடைக்குப் போனாள். பிளந்த சீட்டை மூட அது வேண்டும். அவள் திரும்பி வருவதற்குள் இரண்டாவது குண்டனையும் மாட்டி, ஒயரெல்லாம் கொடுத்து, மச்சானையும் வரவழைத்து வண்டியில் ஏற்றிவிட்டார் சீட்டுக்காரர். பொறுமை என்ற சாமானை அவர் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை.

ஊசி வாசலுக்கு வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எந்த வண்டி வேலையை முடித்தாலும் அவர் போட்டுப் பார்க்கும் பழைய பாட்டு. ஆனால் என்ன கொடுமை, ஜலதோஷம் பிடித்த கொசு பாடுகிற மாதிரி இருந்தது. அடிச்சத்தமே இல்லை. குண்டன்கள் இருவரும் வேலைநிறுத்தம் செய்தது போல் உள்ளே கிடந்தார்கள்.

தராசு கையைக் கட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தார். சீட்டுக்காரர் குமிழைத் திருகுகிறார், மச்சான் முகத்தைப் பார்க்கிறார். திருகுகிறார், பார்க்கிறார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள" என்றார் தராசு, தெரு முழுக்கக் கேட்கும்படி. "ஒண்ணுமே இல்ல. மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது உனக்கு. போய்ப் படு."

சீட்டுக்காரர் சிரித்தார். மச்சான் உதட்டைப் படிக்க வசதியாக முகத்தை நேராகக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "நாளைக்கு இருக்கு உனக்கு."

பிறகு நல்ல பிள்ளையாக உள்ளே போய்ப் படுத்தார்.

மதியம் சாப்பிடக் கூப்பிடப் போன ஊசி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் குறட்டையே நாலு ஊர் கதை சொல்லும். தூக்கத்தில் யாரிடமாவது வம்பு வளர்த்துக்கொண்டிருப்பார். அறை அமைதியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த அறையில் அவள் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. அவள் கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் போனாள். சட்டைப் பையில் மாட்ட மறந்த ஸ்குரூ இரண்டு இருந்தன. எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். இருதயம் என்றார். காலையிலிருந்தே வலி இருந்திருக்கும், சொல்லியிருக்க மாட்டார் என்றார்.

"சொல்லாம இருந்த ஒரே விஷயம் அதுதான்" என்றாள் ஊசி.

மகள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு அந்த மஞ்சள் பஸ்ஸோடேயே வந்து இறங்கினாள். வீட்டு வாசலில் அது நின்ற கோலத்தைப் பார்த்தால், செத்தவர் நாளையிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறார் என்று தோன்றும். அவர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பார் என்று நினைத்த ஊசி, அப்போதுதான் முதல் தடவையாக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தராசு எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். நாற்காலி போடச் சொன்னார், ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். வந்தவர்கள் எல்லாரிடமும் காலையில் நடந்ததைச் சொன்னார். "என்னக் கூப்பிட்டார். வந்தேன். வண்டியில உக்கார வச்சார். பாட்டு போட்டார். ஒண்ணும் கேக்கல. அப்புறம் உள்ள போய்ப் படுத்தார். அவ்வளவுதான்." ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தையை மட்டும் தாண்டிப் போனார். போய்ப் படு என்று தான் சொன்னதை. ஊசி கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் அந்த இடம் வரும்போது ஒரு விநாடி நின்று மேலே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவர் கூடத்திலிருந்து கேட்டார். "பெட்டி என்ன ஆச்சு?"

"காலைலயே மாட்டியாச்சே" என்றாள் ஊசி, உள்ளேயிருந்து.

மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். "அம்மா. மாமா அந்தப் பெட்டியக் கேக்கல."

"தெரியும்" என்றாள் ஊசி. தெரியாது. அந்த வீட்டில் ரொம்ப நாளாகப் பெட்டி என்றால் ஒன்றுதான்.

தகராறு வந்தது வண்டியில்.

"கறுப்பு வண்டி ஒண்ணு சொல்லியிருக்கேன். காலைல வந்துடும். பூவெல்லாம் வச்சு, கண்ணாடி போட்டு, கௌரவமா இருக்கும்" என்றார் தராசு.

ஊசி அவருக்கு எதிரே வந்து நின்றாள். "அவர் நம்ம வண்டியிலதான் போவாரு அண்ணே."

"அந்தப் பிக்கப்புலயா? விளையாடாத. அது கூத்தாடற வண்டி. சத்தம் போடற வண்டி. ஒரு மரியாதை வேணாமா?"

"சத்தமே வரலன்னு நீதான வந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க?"

மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தராசின் முகம் சிவந்தது. "நான் பெரியவன் சொல்றேன். அந்த வண்டி வேணாம். எனக்கு அதப் பார்க்கவே..."

ஊசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணனோடு பேச்சை முடிக்க வேண்டுமென்றால் அது போதும். உதடு தெரியாவிட்டால் அவருக்கு வாதாட ஆள் இல்லை.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தவளுக்கு மனசு ஆறவில்லை. கறுப்பு வண்டியோ, பச்சை வண்டியோ, அதிலெல்லாம் அவளுக்குக் கவலை இல்லை. எத்தனையோ புளுகு புளுகியிருக்கிறார். மீன் பிடிக்கப் போய் மழை பிடித்துக்கொண்டு வந்தேன் என்பார். பஸ்ஸைத் தோளில் தூக்கிப் பஞ்சர் போட்டேன் என்பார். ஒன்றையும் யாரும் நம்பவேண்டுமென்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. இந்த ஒன்றை மட்டும் உண்மையாக்கத்தான் சீட்டைப் பிளந்தார், சந்துக்குள் தலைகீழாகக் கிடந்தார். இதற்குத்தான் மச்சான் 'ஒண்ணுமே இல்ல' என்று முத்திரை குத்திவிட்டார். கேட்டுக்கொண்டு போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த முத்திரையோடு அவரை அனுப்ப அவளுக்கு இஷ்டமில்லை.

விடிந்ததும் ஊசி கறுப்பு நூலையும் பெரிய ஊசியையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். பின்னாலேயே மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, எல்லாரும் வர ஆரம்பிச்சுட்டாங்க. இப்பப் போய் சீட் தைக்கப் போறியா?"

"கிழிஞ்ச சீட்டோட உங்கப்பா வண்டி தெருவுல போகணுமா? நாளைக்கு எவன் நமக்கு வேலை குடுப்பான்?"

இரண்டு பேருமாகச் சீட்டின் முதுகை முன்னால் சாய்த்தார்கள். உள்ளே இரண்டு குண்டன்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி ஒன்றைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள். மறுபடியும் முதலாவதைப் பார்த்தாள்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள்.

சும்மா சிரிப்பல்ல. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கொட்ட, மூச்சு வாங்கச் சிரித்தாள். வாசலில் நின்ற உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று இருவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

"அம்மா! என்னம்மா!"

"உங்கப்பா... செவப்பு ஒயரக் கொண்டுபோய்க் கறுப்புல குடுத்திருக்காரும்மா."

"அதுக்கு?"

"உங்கப்பாவுக்குச் செவப்பும் கறுப்பும் ஒண்ணு. பொறந்ததுலேர்ந்தே செவப்பு தெரியாது. கடையில எந்த ரெக்சின், எந்த நூல், எல்லாம் நான்தான் சொல்வேன். அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுவாரு. ஒருத்தருக்கும் தெரியாது. உங்க மாமாவுக்கும் தெரியாது."

மகளின் கண் விரிந்தது. "சிக்னல்ல?"

"மேல எரிஞ்சா நிப்பாரு, கீழ எரிஞ்சா போவாரு."

"ஐயோ. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவர் பக்கத்துல உக்காந்து ஊரெல்லாம் போயிருக்கேனே!"

"முழுசாத்தான திரும்பி வந்த? பேசாம அந்த டார்ச்சைக் கொண்டா."

சாப்பாட்டுத் தட்டுப் பாடம் அவள் மண்டையில் வரி வரியாக இருந்தது. இரண்டு குண்டனும் ஒன்றாக மூச்சு விட வேண்டும். ஒருத்தன் முன்னால் தள்ளும்போது மற்றவன் பின்னால் இழுத்தான் என்றால், இவன் விடுகிற காற்றை அவன் தின்றுவிடுவான். வெளியே ஒன்றும் வராது. புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று கண்ணடிப்பார். டார்ச் செல்லை ஒயரில் தொட்டுக் காட்டுவார். ஸ்பீக்கரின் வயிறு ஒரு துள்ளுத் துள்ளும். எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஊசி ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரை உருவி, செல்லைத் தொட்டாள். வலது குண்டன் முன்னால் வந்தான். இடது குண்டன் உள்ளே போனான்.

"பாத்தியா? இவனுக்கு மாத்திக் குடுத்துட்டாரு. நான் நூல் வாங்கப் போன அந்தக் கொஞ்ச நேரம் அவரால சும்மா இருக்க முடிஞ்சுதா பாரு. ஒரு வார்த்தை, 'ஏய் ஊசி, இது செவப்பா கறுப்பா'ன்னு கேக்க ஆள் வர்ற வரைக்கும்..."

குனிந்து, இடது குண்டனின் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் முறுக்கினாள். தன் இடுப்பில் இருந்த ஸ்குரூ இரண்டையும் எடுத்துப் பெட்டியை இறுக்கினாள். மறுபடியும் செல்லைத் தொட்டாள். குண்டன்கள் இருவரும் ஒன்றாக நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

மகள் நூலைக் கோத்துக் கொடுத்தாள். ஊசி சீட்டை மூடித் தைத்தாள். அவசரத் தையல் இல்லை. வீட்டுக்குள்ளே அவரை வைத்துக்கொண்டு, வெளியே ஊரை வைத்துக்கொண்டு, ஒரு இழைகூடப் பிசகாமல் இரட்டைத் தையல் போட்டாள். அந்தத் தையலைப் பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு யானையும் ஒரு வக்கீலும் வேண்டும்.

கறுப்பு வண்டி வந்து நின்றது. கண்ணாடியும் பூவுமாகக் கௌரவமாகத்தான் இருந்தது. ஊசி அதன் டிரைவரிடம் போய்ச் சொன்னாள். "நீங்க பின்னாலயே வாங்க தம்பி. நடக்க முடியாதவங்கள ஏத்திக்கலாம்."

தராசு வேகமாக வந்தார். ஊசி திரும்பி முகத்தை நேராகக் காட்டினாள்.

"அண்ணே. அவர் இந்த வண்டியிலதான் வர்றாரு. நானும் இதுலதான். நீ இதுல ஏறினாலும் சரி, அதுல ஏறினாலும் சரி. ஆனா இவ்வளவு நாள் அவர்கூட இந்த சீட்டுல உக்காந்து பாட்டுக்குச் சண்டை போட்ட ஆள் நீ ஒருத்தன்தான்."

தராசு அவளைப் பார்த்தார். பின்னால் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகையில் அது உரசும் இடத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. வழக்கமான அந்த வாக்கியத்தை ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தாள். என்னக் கூப்பிட்டார், வந்தேன், உக்கார வச்சார்.

"நான்தான் போய்ப் படுன்னு சொன்னேன்" என்றார் தராசு.

தனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னதாக அவர் நினைத்திருக்கக்கூடும். வாசலில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊசி கதவைத் திறந்து பிடித்தாள். அவர் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார், நேற்று உட்கார்ந்த அதே இடத்தில். கையைக் கட்டிக்கொண்டார். ஊசி நடுவில். மகள் ஸ்டியரிங் பிடித்தாள். பஸ்ஸை எடுப்பது போல் இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்து, வண்டியை நகர்த்தினாள்.

தெரு முனை தாண்டியதும் ஊசி அதே பழைய பாட்டைப் போட்டாள்.

அதை எப்படிச் சொல்வது? முதல் அடி விழுந்தபோது பின்பார்வைக் கண்ணாடியில் இருந்த ஊர் இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவது அடிக்கு டாஷ்போர்டில் இத்தனை வருஷமாகப் படுத்திருந்த தூசி எழுந்து நின்றது. பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் கேக்குகள் பக்கத்துக் கேக்கை விசாரித்தன. மருந்துக்கடையில் மாத்திரைகள் குப்பிக்குள் வரிசை மாறின. சலூனில் பாதி முகம் சவரம் ஆனவர் நாற்காலியோடு வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக நெஞ்சில் கை வைத்தார்கள். துக்கத்தில் வைத்தார்கள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். கறுப்பு வண்டியின் கௌரவமான கண்ணாடி, குளிரில் பல் தந்தியடிப்பது போல் நடுங்கிக்கொண்டே வந்தது.

ஊசியின் முதுகில், அவள் போட்ட இரட்டைத் தையலுக்கு அந்தப் பக்கமிருந்து, யாரோ உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தார்கள். தடவி, தட்டி, மறுபடியும் தட்டி. அவள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். "அம்மா, இது... இது ரொம்பம்மா."

"உங்கப்பா எப்ப ரொம்ப இல்லாம இருந்தாரு? ஓட்டு."

ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கட்டிய கை கட்டியபடி. முத்திரை குத்திய எடைக்கல் மாதிரி முகம். தெரு போயிற்று, பாலம் போயிற்று, பாட்டில் முதல் சரணமும் போயிற்று. அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. உதட்டைக் காட்டிக் கேட்கலாம்தான். கேட்கப் பயமாக இருந்தது. இல்லை என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால், மேல்முறையீடு செய்ய ஆள் இல்லை. செய்ய வேண்டியவர் பின்னால் பெட்டியில் இருக்கிறார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தராசு கட்டியிருந்த கையை அவிழ்த்தார். ஒரு கையை ஜன்னலில் வைத்தார். மற்றதைத் தொடைமேல் வைத்தார். அவ்வளவுதான். வயசானவர், கை மரத்துப்போயிருக்கும் என்று ஊசி சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவர் சீட்டில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். முதுகு வலியாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டார். வெயிலாக இருக்கும்.

மயானத்து வாசலில் ஆட்கள் முன்னமே வந்து தலை குனிந்து நின்றிருந்தார்கள். வண்டி வருவது அவர்களுக்கு ரொம்ப நேரத்துக்கு முன்பே செருப்பு வழியாகத் தெரிந்திருக்கும். மகள் வண்டியை மெதுவாக்கி, வாசலுக்குள் திருப்பி நிறுத்தினாள். மரியாதைக்காகக் கையை நீட்டிப் பாட்டையும் நிறுத்தினாள்.

பின்னால் யாரோ பலகையின் கொண்டியைத் திறந்தார்கள்.

தராசு கண்ணைத் திறந்தார். சீட்டில் சாய்ந்தபடியே, முதுகை எடுக்காமல், ஊசியைத் தாண்டி மருமகளைப் பார்த்தார். முகம் சுளித்திருந்தது. வாசலில் நின்ற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்கும்படியான குரலில் கேட்டார்.

"ஏன் நிறுத்திட்ட? பாட்டு இன்னும் முடியலயே."